குழித்த கை

ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
கொரில்லா நெஞ்சில் அடிக்குமாமே, உண்மையா?
இறக்காமம் வட்டையில், மருத மரத்துப் பரணில்,
யானை வரும்வரைக்கும் நேரமிருக்கிறது.
சொல்கிறேன் இஸ்மாலெப்பை, டோர்ச்சை அணை.

அடிக்கும்.
ஆனால் படத்தில் காட்டுகிற மாதிரி முட்டியை மடக்கி அல்ல.
தண்ணீர் அள்ளுகிறவன் போலக் கையைக் குழித்து
பொக், பொக், பொக் என்று.
வெறும் பானையின் வாயில் தட்டுகிற சத்தம்.
ஆறு வருஷத்தில் நான் கேட்டது நாலே தரம்.
மிச்ச நாளெல்லாம் அவன் சும்மா இருந்தான்.
அவன் சும்மா இருப்பதற்குத்தான் டிக்கட் விற்றார்கள்.

ஏஜென்சிக்காரன் தோட்ட வேலை என்றுதான் சொன்னான்.
போய் இறங்கினால் கூண்டு கழுவுகிற வேலை.
விமான நிலையத்தில் என் விரல் பத்தையும் ஒற்றி எடுத்தார்கள்.
அவனிடம் விரல் கேட்கவில்லை;
மூக்குக்கு மேலே ஓடும் சுருக்கத்தை
வரைந்து வைத்திருந்தார்கள் ஃபைலில்.
ஆளுக்கு ஆள் அது வேறாம்.

சாம்பலில் படுத்தெழுந்தவன் போல
முதுகு மட்டும் வெள்ளி.
உச்சந்தலை பொலிக் குவியல் மாதிரிக் கூம்பி நிற்கும்.
விரல் முட்டியை நிலத்தில் ஊன்றித்தான் நடை,
சத்தமே வராது, அத்தனை பாரத்துக்கும்.
பெயர்ப்பலகையில் அரபியில் ஏதோ இருந்தது.
நான் மச்சான் என்றே கூப்பிட்டேன்.

கண்ணை நேரே பார்க்கக் கூடாது.
அதைச் சொன்னவன் பியாருஹங்கா, உகண்டாக்காரன்,
எனக்குக் கீழ்க் கட்டிலில் படுப்பவன்.
வெள்ளிக்கிழமைகளில் சனம்
கண்ணாடியில் மூக்கை ஒட்டி நேரேதான் பார்க்கும்.
மச்சான் கிறுகி முதுகைக் கொடுப்பான்.
காசு கொடுத்தவர்கள் தட்டுவார்கள்.

தின்றதைக் கக்குவான்.
உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் பார்த்துவிட்டு
மறுகா தின்பான்.
நோயில்லை. காட்டில் பொழுதெல்லாம் இலை மெல்லுகிற வாய்,
இங்கே இரண்டு தட்டு, பத்து நிமிஷம், முடிந்தது.
முகத்தைச் சுளிக்காதே.
நானும் லேபர் கேம்பில் படுத்துக்கொண்டு
ஹபீலா அனுப்பிய ஒரே வொய்ஸை
நாற்பது தரம் போட்டுக் கேட்டிருக்கிறேன்:
"கூரைத் தகரம் மாத்தியாச்சி. புள்ளைக்கு இப்ப காய்ச்சல் இல்ல. வைக்கிறன்."

பியாருஹங்காவின் பக்கத்து மலையில்
பனிப்புகார் இறங்குகிற காட்டில்
அவை நாளுக்கொரு கூடு கட்டுமாம்.
அந்தி சாய, இருந்த இடத்திலேயே
செடியை வளைத்துத் தன்னைச் சுற்றி அமுக்கி
உள்ளே சுருண்டுவிடும்.
ஒரே கூட்டில் இரண்டாம் இரவு படுக்காது.
விடிந்தால் கொஞ்சம் சாணியை விட்டுவிட்டுப் போகும்,
"அதுதான் வாடகை" என்று சிரிப்பான்.

மச்சான் பிறந்ததே கூண்டில்.
காட்டைப் பற்றி அவனுக்கு யார் சொல்லியிருப்பார்?
ஆனாலும் பின்னேரம் விளக்கு மங்கியதும்
கடதாசி மட்டை, வைக்கோல், கிழிந்த சாக்கு,
நான் போட்டதையெல்லாம் இழுத்து
தன்னைச் சுற்றி ஒரு வட்டம் வைப்பான்.
பிறகு சீமெந்துத் தரையைக் கையால் அமுக்குவான்,
வளைகிறதா என்று.
கொஞ்சம் தள்ளி இன்னொரு தரம்.

காலையில் அந்த வட்டத்தை
ஹோஸ் பிடித்துக் கழுவியது நான்தான்.
இரண்டாயிரம் காலை இருக்கும்.

ச்சூ.
கேட்டதா? கரும்புப் பக்கம்.
தகரத்தை எடு. வெடி நனைந்திருக்கும், விடு.
இரு, நீ கேட்டாயே, இந்தா,
கையை இப்படிக் குழித்து

பொத்.

ஈரச் சாக்கில் அடித்த மாதிரி.
எனக்கு அது வருகுதில்லை.
அங்கே பார், காதை ஒரு தரம் ஆட்டிவிட்டு
நம் வேளாண்மையை வேரோடு பிடுங்கி
முன்னங்காலில் தட்டி, மண்ணை உதறித் தின்கிறது.

நேரே பார்க்காதே, இஸ்மாலெப்பை. கிறுகு.
அந்தச் சாக்கை இங்கால இழு,
பலகை குத்துகிறது.